ஓசை இல்லாத காகிதம்: ஜாஸ் காலத்தின் பியானோச் சுருளும் இசைத்தட்டும்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஜாஸ் காலம். முதல் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1929-ல் பங்குச் சந்தை சரிந்தது வரை அமெரிக்கா ஆடிப் பாடிக் கழித்த பத்தாண்டுகள். அந்தக் காலத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டோடு மேடை ஏறுவார்கள். நான் ஒரு காகிதச் சுருளோடு ஏறியிருக்கிறேன். அகலம் 11¼ அங்குலம். விரித்தால் மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். உடம்பெல்லாம் துளை. சில துளைகள் பொட்டு அளவு. சில நீண்ட கோடு. ஒரு காலத்தில் அமெரிக்க வீடுகளில் அலமாரி அலமாரியாக இருந்த சரக்கு இது. பாட்டு இந்தக் காகிதத்தில்தான் வீட்டுக்கு வந்தது.

அதே காலத்தில் இன்னொன்றும் வீட்டுக்கு வந்தது: கிராமபோன் தட்டு. இரண்டும் பாட்டுத்தான். இரண்டையும் கடையில் காசு கொடுத்து வாங்கலாம். அப்படியானால் வேறுபாடு என்ன? தட்டில் இருப்பது ஓசையின் தடம். சுருளில் இருப்பது விரலின் தடம். ஒரு பாடகி பாடும்போது அறையில் அதிர்ந்த காற்று, தட்டில் கீறலாகப் பதிந்திருக்கிறது. சுருளிலோ காற்றும் இல்லை, அதிர்வும் இல்லை. எந்தக் கட்டையை எப்போது அழுத்த வேண்டும், எவ்வளவு நேரம் அழுத்தியிருக்க வேண்டும் என்ற கட்டளை மட்டும் இருக்கிறது. சுருளில் ஓசையே இல்லை!

இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று மாலை நான் சொல்லப்போகும் எல்லாக் கதைகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. இசை வெளியீட்டாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் ஒரு வழக்கில் ஏன் தோற்றார்கள்? வாஷிங்டனில் ஓர் இளைஞன், தான் பார்த்தே இராத வித்வானின் உருப்படியை விரலுக்கு விரல் எப்படிக் கற்றுக்கொண்டான்? இறந்து 39 ஆண்டுகள் ஆன ஒருவர் புதிய வாத்தியக் குழுவோடு சேர்ந்து எப்படி வாசித்தார்? சுருளில் ஓசை இல்லை. அதனால்தான்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். பியானோவின் முன்பக்கம், உட்காருபவரின் கண்ணுக்கு நேராக ஒரு பித்தளைப் பட்டை. அதில் வரிசையாக 88 துளைகள். கட்டை ஒன்றுக்கு ஒரு துளை. காகிதச் சுருள் அந்தப் பட்டையை ஒட்டியபடி மேலிருந்து கீழே நகர்கிறது. காலடியில் இரண்டு மிதிகள். மிதித்தால் துருத்தி இயங்கும். நம் ஆர்மோனியத்தின் துருத்தி காற்றை வெளியே தள்ளும். இது காற்றை உறிஞ்சும். காகிதம் மூடியிருக்கும் வரை பட்டைத் துளைக்குள் காற்று புகாது. காகிதத்தின் துளை அதற்கு நேராக வந்ததும் காற்று உள்ளே பாயும். ஒரு சின்னத் தோல் பை உப்பி வால்வைத் தூக்கும். அந்தக் கட்டைக்கென்று இருக்கிற குட்டித் துருத்தி சட்டென்று சுருங்கும். சுத்தியல் தந்தியில் விழும். இத்தனையும் கண் இமைப்பதற்குள். அதே நேரம் வெளியே கட்டையும் தானாக இறங்கி ஏறும், கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர் உட்கார்ந்து வாசிப்பதைப்போல.

எட்வின் வோட்டி என்பவர் 1895-ல் டெட்ராய்ட் நகரில் இதை உருவாக்கினார். அப்போது அது தனி அலமாரியாக இருந்தது. அதைப் பியானோவின் முன்னால் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால், அதன் மரவிரல்கள் பியானோவின் கட்டைகளைத் தட்டும். ஏயோலியன் நிறுவனம் இதைப் பியானோலா என்ற பெயரில் விற்றது. சில ஆண்டுகளில் அந்த எந்திரம் பியானோவுக்கு உள்ளேயே குடியேறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வோர் அளவில் சுருள் போட்டதால் ஒரு வீட்டுச் சுருள் அடுத்த வீட்டுப் பெட்டியில் ஏறாது. 1908-ல் பஃபலோ நகரில் தயாரிப்பாளர்கள் கூடி, 11¼ அங்குலக் காகிதம், அங்குலத்துக்கு 9 துளை என்று ஒப்புக்கொண்டார்கள். போட்டியாளர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஓர் அளவுக்கு உடன்படுவது எவ்வளவு அபூர்வம் என்பது, ஒவ்வொரு கைபேசிக்கும் ஒவ்வொரு சார்ஜர் தேடிக்கொண்டிருந்த நமக்குத் தெரியாதா?

வியாபாரம் பெருகியது. வியாபாரம் பெருகினால் வழக்கும் வரும் அல்லவா?

வெளியீட்டாளர்களின் பிழைப்பு அச்சடித்த ஸ்வரத்தாள்களில் இருந்தது. பாட்டு எழுதியவருக்கும் அதிலிருந்துதான் பங்கு. சுருள் போட்டவர்களோ கடைக்குப் போய் ஒரு தாளை வாங்கி, அதைப் பார்த்துத் துளையிட்டு, ஆயிரக்கணக்கில் விற்றார்கள். பாட்டுக்குரியவருக்குக் காலணா கிடையாது. ஒயிட்-ஸ்மித் என்ற வெளியீட்டகம் அப்பல்லோ என்ற சுருள் கம்பெனிமேல் வழக்குப் போட்டது. அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1908-ல் தீர்ப்பானது. தீர்ப்பு என்ன? துளையிட்ட காகிதம் பாட்டின் பிரதி ஆகாது. ஏன் ஆகாது? மனிதன் கண்ணால் பார்த்துப் படிக்கக்கூடியதுதான் பிரதி. இந்தத் துளைகளை யாரும் படிப்பதில்லை. இது எந்திரத்தின் ஓர் உறுப்பு. வெளியீட்டாளர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

நீதிபதிகளைக் கண்டு நாம் சிரிக்க வேண்டாம். சட்டத்தின் எழுத்துப்படி அவர்கள் சொன்னதில் பிழை இல்லை. நியாயம்தான் அங்கே இல்லை. நீதிபதி ஹோம்ஸ் தீர்ப்போடு உடன்பட்டுவிட்டு, சட்டம் இப்படி இருப்பது சரியில்லை என்கிற தன் மனக்குறையையும் தனியாக எழுதி வைத்தார். அடுத்த ஆண்டே, 1909-ல், அமெரிக்கக் காங்கிரஸ் புதிய பதிப்புரிமைச் சட்டம் கொண்டுவந்தது. சுருளோ தட்டோ, ஒரு பிரதிக்கு 2 சென்ட் பாட்டாசிரியர் தரப்புக்குக் கட்ட வேண்டும். ஆனால் ஒருவருக்கு அனுமதி கொடுத்துவிட்டால் பிறகு 2 சென்ட் கட்டத் தயாராக இருக்கும் எவருக்கும் மறுக்கக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனை எதற்கு? ஏயோலியன் கம்பெனி முன்கூட்டியே பல வெளியீட்டாளர்களோடு தனி ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தது. நாட்டின் பாட்டெல்லாம் ஒரே கம்பெனியின் பெட்டிக்குள் போய்விடுமோ என்று காங்கிரஸ் பயந்தது. பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த 2 சென்ட் 1978 வரை மாறவே இல்லை. விலைவாசி எங்கோ போய்விட்டது. பாட்டாசிரியரின் 2 சென்ட் மட்டும் அசையாமல் நின்றது.

இந்த விவாதத்தில் உரக்கப் பேசியவர் ஜான் ஃபிலிப் சூசா. இராணுவ அணிவகுப்பு இசையில் அமெரிக்காவே கொண்டாடிய பேண்டுத் தலைவர். 1906-ல் ஒரு பத்திரிகையில் எந்திர இசையைத் தாக்கிக் கட்டுரை எழுதினார். பெட்டி பாடினால் வீட்டில் யார் பாடுவார்கள்? குழந்தை எதற்காக உட்கார்ந்து சாதகம் செய்யும்? என்பது அவர் கேள்வி. ராயல்ட்டிக்காகவும்தான் பேசினார், அதில் தவறும் இல்லை. இத்தனைக்கும் அவர் பெயரில் இயங்கிய பேண்டின் தட்டுகள் அமோகமாக விற்றுக்கொண்டிருந்தன.

சூசாவின் பயம் பலித்ததா? இங்கேதான் கதை சுவையாகிறது. சில ஆண்டுகளில் சுருளின் ஓரத்திலேயே பாட்டு வரிகளை அச்சிடத் தொடங்கினார்கள். காகிதம் கீழ்நோக்கி ஓடுவதால் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லும் அதற்குரிய ஸ்வரம் ஒலிக்கும் தருணத்தில் கண்முன் வந்து நிற்கும். ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பாட, கூடம் நிறைந்தது. கரோக்கி என்று நாம் இன்று சொல்வதை அந்த வீடுகள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாடி முடித்துவிட்டன. பெட்டி வாயை அடைக்கவில்லை, பாட வைத்தது.

சரி, அதே காலத்தில் தட்டு என்ன செய்துகொண்டிருந்தது?

1917 பிப்ரவரியில் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற வெள்ளையர் குழு நியூயார்க்கில் விக்டர் கம்பெனிக்காக வாசித்தது. வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டு அதுதான். 1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி ஓகே கம்பெனிக்காகப் பாடிய கிரேஸி புளூஸ் தட்டு விற்ற வேகத்தைப் பார்த்துத்தான், கறுப்பின மக்களும் தட்டு வாங்குவார்கள் என்ற ஞானம் கம்பெனிகளுக்கு உதித்தது. அவர்களுக்கென்று தனிப் பட்டியல் போட்டார்கள். வியாபாரத்துக்குக் கதவு திறந்தது; அந்தக் கதவும் தனிக் கதவாகத்தான் இருந்தது.

ஆனால் பதிவு எப்படி நடந்தது? மைக் கிடையாது. மின்சாரம் கிடையாது. சுவரில் ஒரு பெரிய கூம்புக் குழல். அதன் வாய்க்குள் வாசிக்க வேண்டும். ஓசையின் பலமே ஊசியை அசைத்து மெழுகில் கீற வேண்டும். எது உரக்க ஒலிக்கிறதோ அது பிழைக்கும். எது மெல்ல ஒலிக்கிறதோ அது மடியும்.

1923 ஏப்ரலில் கிங் ஆலிவரின் ஜாஸ் குழு சிகாகோவிலிருந்து இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் ஊருக்கு ரயில் ஏறிப் போனது. அங்கே ஜென்னட் கம்பெனியின் பதிவுக்கூடம். அது யாருடைய கூடம் தெரியுமா? ஸ்டார் பியானோ என்ற பியானோக் கம்பெனியின் தொழிற்சாலைக்குள் இருந்த கொட்டகை! பக்கத்திலேயே தண்டவாளம். வண்டி வந்தால் பதிவை நிறுத்திவிட்டு அது போகும் வரை காத்திருக்க வேண்டும். 21 வயது லூயி ஆர்ம்ஸ்ட்ராங் அந்தக் குழுவில் இரண்டாவது கார்னெட், அதாவது டிரம்பெட் வகை ஊதுகுழல். அவருடைய ஊத்து மற்றவர்களை அமுக்கியதால் அவரைக் குழலிலிருந்து தள்ளி நிற்க வைத்தார்கள். பேபி டாட்ஸ் தன் முழு டிரம்ஸை வாசித்தால் ஊசி தாவிவிடும். அதனால் மரக்கட்டைகளைத் தட்டிச் சமாளித்தார். பியானோவில் லில் ஹார்டின், பின்னாளில் ஆர்ம்ஸ்ட்ராங்கை மணந்தவர். அந்தத் தட்டுகளில் அவர் வாசிப்பைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பியானோத் தொழிற்சாலையில் செய்த பதிவில் பியானோ மட்டும் காணாமல் போகிறது!

இதைக் கவனியுங்கள். கார்னெட்டுக்குத் தட்டு இருந்தது. பாடகிக்குத் தட்டு இருந்தது. பியானோக்காரர் எங்கே போவார்? அந்தக் குழல் பியானோவைத் தகர டப்பாவாக்கியது. தாழ் ஸ்வரங்கள் மங்கிவிடும். மேல் ஸ்வரங்கள் கணகணக்கும். போதாக்குறைக்கு மூன்று நிமிடத்தில் மங்களம் பாடிவிட வேண்டும். 10 அங்குலத் தட்டில் அதற்கு மேல் இடம் இல்லை. சுருளில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. உங்கள் வீட்டுப் பியானோவே ஒலிக்கிறது, முழுக் கனத்தோடு. எனவே 1925-ல் மைக் வரும் வரை, பியானோ ஜாஸ் உண்மையில் குடியிருந்த வீடு சுருள்தான்.

அந்த வீட்டின் மூத்தவர் ஜேம்ஸ் பி. ஜான்சன். நியூ ஜெர்சிக்காரர், 1894-ல் பிறந்தவர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்த ஸ்ட்ரைடு என்கிற பாணிக்கு அவரைத் தந்தை என்பார்கள். அதில் இடக்கை ஓயாமல் தாவும்: கீழே ஒரு ஒற்றை ஸ்வரம், நடுவே ஒரு ஸ்வரக்கூட்டு, மறுபடி கீழே, மறுபடி நடுவே. வலக்கை அதன்மேல் விளையாடும். ஒரே ஆள் ஒரு முழு பேண்டாக மாற வேண்டும். அவருடைய கரோலைனா ஷௌட் என்ற உருப்படி ஹார்லெமில் ஒரு பரீட்சை. அதை வாசிக்கத் தெரியாதவரைப் பியானோக்காரர் என்று அங்கே யாரும் மதிக்க மாட்டார்கள். அதை அவர் 1918-லேயே சுருளில் வாசித்தார். 1921-ல் க்யூஆர்எஸ் என்ற சுருள் கம்பெனிக்காக மறுபடி வாசித்தார். 1923-ல் உலகத்தையே ஆட வைத்த சார்ல்ஸ்டன் பாட்டும் இவருடையதுதான். அந்த ஆட்டம் எல்லோருக்கும் தெரியும். ஆட்டுவித்தவர் பெயர் சிலருக்கே தெரியும். அந்தக் குறை எனக்கு உண்டு, சொல்லிவிட்டேன்.

வாஷிங்டனில் எட்வர்ட் எலிங்டன் என்று ஓர் இளைஞர். நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் டியூக். ஜான்சன் இருப்பது நியூயார்க்கில், இவரோ வாஷிங்டனில். ஆனால் சுருள் வாஷிங்டனுக்கு வரும்! எலிங்டன் என்ன செய்தார்? சுருளை மாட்டி, வேகத்தை நன்றாகக் குறைத்தார். விளம்ப காலத்தில் கட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின. இறங்கிய கட்டைகளின் மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். இடக்கை எங்கே தாவுகிறது, வலக்கை எங்கே காத்திருக்கிறது, எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்கும் தெரிந்தது. 1921-ல் ஜான்சன் வாஷிங்டனுக்கு வாசிக்க வந்தபோது, நண்பர்கள் எலிங்டனைப் பிடித்துத் தள்ளி, அவர் முன்னாலேயே கரோலைனா ஷௌட்டை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தார். ஜான்சன் அசந்துபோனார், அன்றிரவு ஊரைச் சுற்ற அவரையும் கூட்டிக்கொண்டு போனார்.

தட்டை வைத்து இதைச் செய்திருக்க முடியுமா? முடியாது. தட்டின் வேகத்தைக் குறைத்தால் சுருதி இறங்கிவிடும். பெண் குரல் ஆண் குரலாகும். ஆண் குரல் உறுமும். சுருளை எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் சுருதி ஒரு இழை பிசகாது. ஏன்? அதில் ஓசை இல்லை. கட்டளைதான் இருக்கிறது. கட்டளையை மெதுவாகச் சொன்னாலும் கட்டை அதே கட்டைதான்.

ஃபேட்ஸ் வாலர் கற்றதும் இப்படித்தான். 16 வயதில் தாயை இழந்து, ரஸ்ஸல் புரூக்ஸ் என்ற பியானோக்காரர் குடும்பத்தில் தங்கியிருந்த பையன், அந்த வீட்டுத் தானியங்கிப் பியானோவின் இறங்கும் கட்டைகளில் விரலைப் பதித்து ஜான்சனைப் படித்தான். பிறகு நேரிலேயே சீடனானான். 1923-லிருந்து அவனே க்யூஆர்எஸ்ஸுக்குச் சுருள் வாசித்தான். இன்னொரு கதையும் உண்டு, கட்டுக்கதையாகவே இருக்கலாம்: கண் பார்வை மிகக் குறைந்த பியானோ வித்வான் ஆர்ட் டேட்டம் சிறுவயதில் ஒரு சுருளைக் கேட்டே பாடம் செய்தாராம். அது இரண்டு பேர் நான்கு கைகளால் வாசித்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையாம். டேட்டம் வாசிப்பைக் கேட்டவர்கள் இந்தக் கதையை நம்பத் தயங்க மாட்டார்கள். கேள்வி ஞானத்தால் வித்வான்களானவர்களை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். அது இப்படியும் ஒரு வழியில் வரும்.

எந்திரம் கலைஞனைக் கொன்றுவிடும் என்றார் சூசா. ஜாஸ் பியானோவின் ஒரு தலைமுறைக்கு அந்த எந்திரமே பாடம் சொல்லிக் கொடுத்தது.

இனி, சுருளை உண்டாக்கியவர்கள் பக்கம் போவோம். பதின்ம வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, ரெமிக் என்ற வெளியீட்டகத்தில் வாரம் 15 டாலருக்குப் பாட்டுகளை வாசித்துக் காட்டும் வேலையில் இருந்த பையன் ஜார்ஜ் கெர்ஷ்வின். சனிக்கிழமைகளில் ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்சுக்குப் போய்ச் சுருள் வாசிப்பார். ஒரு சுருளுக்கு 5 டாலர். ஆறு வாசித்தால் 25. மொத்தமாக வாசித்தால் கம்பெனிக்குத் தள்ளுபடி! 1916-லிருந்து அவை வெளிவரத் தொடங்கின. ஒரே ஆள் இத்தனை சுருள் போட்டால் கடைக்காரர் என்ன நினைப்பார்? அதனால் ஃப்ரெட் முர்த்தா, பெர்ட் வின் என்று புனைபெயர்களிலும் வந்தன. எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு மேல்.

அவர் வாசித்தபடியேதான் துளை விழுந்ததா? இல்லை. அவர் வாசிக்கும்போது ஓடும் காகிதத்தில் குறிகள் விழும். பிறகு தொகுப்பாளர் உட்கார்ந்து அந்தக் குறிகளைச் சரிபார்ப்பார். தப்பு ஸ்வரத்தை நீக்குவார். தாளத்தில் பிசகியதை நேராக்குவார். இரண்டு கைகளுக்கு எட்டாத இடத்தில் மூன்றாவது கைக்குரிய ஸ்வரங்களைச் சேர்ப்பார். அப்புறம்தான் துளை. அப்படியானால் அது கெர்ஷ்வினா, பாதிக் கெர்ஷ்வினா? தூய்மைவாதிகள் இங்கே முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. பல்லவியை ஒரு நாளும் சரணத்தை ஒரு நாளும் பதிந்து ஒட்டிய சினிமாப் பாட்டுகளை மெய்மறந்து கேட்டவர்கள் நாம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: கட்டங்கட்டமாகத் தாளம் நேராக்கப்பட்ட சுருளில், ஜாஸின் அந்த மெல்லிய தள்ளாட்டம் பல நேரம் செத்துப் போகிறது. அது உண்மையான இழப்பு.

அந்தத் தொகுப்பாளர்களில் ஒருவரை மட்டும் பெயர் சொல்லிக் கும்பிடுகிறேன்: ஜே. லாரன்ஸ் குக். டென்னஸி மாநிலத்தில் 1899-ல் பிறந்த கறுப்பினத்தவர். க்யூஆர்எஸ் கம்பெனியில் பல பத்தாண்டுகள் துளை எந்திரத்தின் முன் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான சுருள்களை ஆக்கினார். வாலர் பாணி வேண்டுமா? டேட்டம் பாணி வேண்டுமா? துளையிலேயே செய்து காட்டுவார். அமெரிக்க வீடுகளின் எத்தனையோ கூடங்களில் அவருடைய சுருள்கள் பாடின. அந்தக் கூடங்களில் பலவற்றுக்குள் அவரை வாசல் வழியாக விட்டிருக்க மாட்டார்கள்.

சுருள் உலகமும் ஜாஸ் உலகமும் கைகுலுக்கிய நாள் என்று ஒன்றைச் சொல்வதானால், 1924 பிப்ரவரி 12. பால் ஒயிட்மேன் தன் குழுவோடு நியூயார்க்கில் ஒரு கச்சேரி நடத்தினார். கெர்ஷ்வினின் ராப்ஸடி இன் புளூ முதன்முதலாக ஒலித்தது அன்றுதான். எந்த அரங்கம்? ஏயோலியன் ஹால். பியானோலா விற்ற அதே ஏயோலியன் கட்டிய அரங்கம். அன்று ஏற்கெனவே புகழ் பெற்றிருந்த இன்னொரு பியானோக்காரரும் மேடை ஏறினார்: ஸெஸ் கன்ஃப்ரி. கிட்டன் ஆன் த கீஸ் என்ற துள்ளல் உருப்படியால் வீடு வீடாகப் பெயர் எடுத்தவர். அவரும் சுருள் வாசித்து வளர்ந்தவர்தான்.

அந்தக் காலத்தில் சாதாரணச் சுருளைவிட உயர்ந்த ரகமும் வந்துவிட்டது. எங்கே அழுத்தம், எங்கே மென்மை என்பதையும் துளையாக்கிய சுருள் அது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் வெல்ட்டே கம்பெனி 1904-லேயே வழி காட்டியது; அமெரிக்காவில் ஆம்பிகோ, டியோ-ஆர்ட் முதலியவை. ரஷ்யப் பியானோ மேதை ரக்மானினாஃப் ஆம்பிகோவுக்கு வாசித்தார். டியோ-ஆர்ட்டுக்குக் கெர்ஷ்வின் ராப்ஸடியை வாசித்தார். தன் தனி வாசிப்பு, வாத்தியக் குழுவின் பங்கு இரண்டையும் தானே.

அந்தச் சுருளுக்கு வந்த வாழ்வைக் கேளுங்கள். கெர்ஷ்வின் 1937-ல், 38 வயதில் இறந்தார். 1976-ல் மைக்கேல் டில்சன் தாமஸ் என்ற நடத்துநர் 1925-ன் அந்தச் சுருளை எடுத்தார். வாத்தியக் குழுவுக்குரிய ஸ்வரங்களின் துளைகளை அடைத்தார்கள். மிஞ்சியவை கெர்ஷ்வினின் தனி வாசிப்புத் துளைகள் மட்டுமே. பியானோ தானாக வாசிக்க, உயிருள்ள குழு ஒன்று அதோடு சேர்ந்து வாசித்தது. பக்கவாத்தியத்தைப் பார்த்துக் கண்ணசைக்கத் தெரியாத, யாருக்காகவும் காத்திருக்காத ஒரு வித்வான்! மூச்சு வாங்கும் வேகம். அது கெர்ஷ்வினின் வேகமா, சுருளின் வேகமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 1924-ல் கெர்ஷ்வினும் ஒயிட்மேனும் சேர்ந்து போட்ட தட்டும் இருக்கிறது. ஆனால் அந்தத் தட்டிலிருந்து கெர்ஷ்வினை மட்டும் பிரித்தெடுக்க அன்று வழியே இல்லை. எல்லா ஓசையும் ஒரே கீறலுக்குள் கலந்துவிட்டது.

பிறகு ஏன் சுருள் வீழ்ந்தது? விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1923 வாக்கில் அமெரிக்காவில் செய்த பியானோக்களில் பாதிக்கு மேல் தானியங்கிதான். 1925-ல் மைக் வழியாக மின்முறைப் பதிவு வந்தது. பியானோ தட்டில் பியானோவாகவே ஒலிக்கத் தொடங்கியது. வானொலி அதற்கும் முன்பே வந்துவிட்டது; சுருளும் வேண்டாம், மிதிக்கவும் வேண்டாம், பாட்டு இலவசம். 1929-ல் சந்தை விழுந்ததும் தவணையில் பியானோ வாங்க ஆளில்லை. தட்டும் தப்பவில்லை: 1927-ல் 10 கோடிக்கு மேல் விற்ற அமெரிக்கத் தட்டுகள் 1932-ல் 60 லட்சத்துக்கு இறங்கியதாகக் கணக்கு. தட்டு மீண்டு எழுந்தது. சுருள் எழவில்லை.

எழவில்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு மனிதர் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். கான்லன் நான்கரோ. வீட்டில் தானியங்கிப் பியானோவைக் கேட்டு வளர்ந்தவர், ஜாஸ் டிரம்பெட் வாசித்தவர், ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவுக்கு எதிராகப் போரிட்டவர். 1940-ல் மெக்ஸிகோ நகருக்குக் குடிபெயர்ந்தார். மனிதக் கைகளால் வாசிக்க முடியாத லயம் வேண்டும் என்பது அவர் தாகம். துளையிடும் எந்திரம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, துளைக்குப் பக்கத்தில் துளையாகத் தன் கையாலேயே வெட்டினார். சில நிமிட இசைக்கு மாதக்கணக்கில் வேலை. ஸ்டடி என்று அவர் பெயரிட்ட உருப்படிகளில் 37-ஆவதில் 12 குரல்கள், பன்னிரண்டும் வெவ்வேறு காலப்பிரமாணத்தில். நம் மிருதங்க வித்வான்கள் கேட்டால் தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.

இன்று சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் கணினித் திரையைப் பார்த்தாலும் கிடைமட்டக் கட்டங்களில் குட்டையும் நெட்டையுமாகக் கோடுகள் ஓடும். கீபோர்டில் வாசித்த விரலின் கட்டளைகள் அவை. அங்கே வேலை செய்யும் பையன்கள் அந்தத் திரையைப் பியானோ ரோல் என்றுதான் சொல்கிறார்கள். வேகத்தை மாற்றுகிறார்கள், தப்பு ஸ்வரத்தை நகர்த்துகிறார்கள், தாளத்தை நேராக்குகிறார்கள். லாரன்ஸ் குக் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், சுட்டியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தால் போதும்; மிச்ச வேலை அவருக்குத் தெரியும்.

நேரம் ஆகிவிட்டது, அவைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். பேச்சு இவ்வளவுதான், இனிக் கேளுங்கள். கரோலைனா ஷௌட்டின் இரண்டு வடிவங்களைக் கொண்டு வந்திருக்கிறேன். இரண்டிலும் வாசிப்பவர் ஜேம்ஸ் பி. ஜான்சன்; இரண்டும் 1921. ஒன்று க்யூஆர்எஸ் சுருள், நல்ல பியானோவில் ஓட்டிப் பதிந்தது. மற்றது ஓகே கம்பெனித் தட்டு, கூம்புக் குழலுக்கு முன்னால் வாசித்தது. இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருளில் இடக்கையைக் கவனியுங்கள், எலிங்டன் அதைத்தான் பார்த்தார். தட்டில் வலக்கையைக் கவனியுங்கள், அங்கங்கே ஒரு மயிரிழை முந்தியும் பிந்தியும் விழும். தொகுப்பாளர் நேராக்கியது எதை என்று அப்போது பிடிபடும். எது பிடித்தது என்று தேநீர் வேளையில் என்னிடம் சண்டை போடலாம், எனக்குத் தட்டுத்தான். தம்பி, முதலில் சுருளைப் போடுங்கள்.